மூன்றாவது கொழு, ஏழாவது கொழு

கலப்பைத் திருடன் என்று ஒருவன் இருந்தால் அவன் முழுக் கலப்பையைத் தூக்குவான். முடியாவிட்டால் கைக்கு அகப்பட்டதை உருவிக்கொண்டு ஓடுவான். இது ஏசுராஜின் அபிப்பிராயம். வரிசையாக ஒன்பது கொழுக்கள் இருக்க, இடமிருந்து எண்ணி மூன்றாவதையும் ஏழாவதையும் மட்டும் கழற்றிக்கொண்டு போகிற திருடனை அவன் கேள்விப்பட்டதே இல்லை.

"திருடன் வேலையாத் தெரியலை மேடம். பல் டாக்டர் வந்துட்டுப் போன மாதிரி கீது," என்றான்.

தரமணியில், ஐ.டி. கம்பெனிகளின் கண்ணாடிச் சுவர்களுக்குப் பின்னால் இருந்த அந்தத் தகரக் கொட்டகையில் நஸ்ருன்னிசா முழங்காலிட்டு உட்கார்ந்து, டிராக்டரின் பின்பக்கம் மாட்டியிருந்த கல்டிவேட்டரையே பார்த்துக்கொண்டிருந்தார். புதுச் சிவப்பு பெயின்ட் அடித்த இரும்புச் சட்டம். அதிலிருந்து கீழே வளைந்து இறங்கும், மண்ணைக் கீறுகிற கொழுக்கள், ஒவ்வொன்றுக்கும் பின்னால் தடித்த ஸ்பிரிங். நடுநடுவே இரண்டு இடம் காலி.

இருபத்தாறு வருஷம் இன்சூரன்ஸ் சர்வேயராக இருந்து, எரியாத கிடங்கை எரிந்ததாகவும் முழுகாத படகை முழுகியதாகவும் சொன்னவர்களை எல்லாம் பார்த்துச் சலித்துப்போய் வெளியே வந்தவர் நஸ்ருன்னிசா. இப்போது மயிலாப்பூர் கச்சேரி சாலையில் ஒரு மருந்துக்கடை மாடியில் துப்பறியும் அலுவலகம். ஒரே உதவியாள் ஏசுராஜ். நொச்சிக்குப்பத்து ஆள், வயது முப்பத்தைந்து. அப்பாவோடு கடலுக்குப் போனால் வாந்தி வருகிறது என்று கரையிலேயே தங்கிவிட்டவன். மீன் விற்கிற அம்மாவிடமிருந்து அவனுக்கு வந்த சொத்து வாய் ஒன்றுதான்.

அன்று காலை அவர்களைத் தன் காரிலேயே மயிலாப்பூரிலிருந்து ஏற்றிக்கொண்டு வந்தவர் பாண்டுரங்கன். ரங்கநாதன் தெருவில் மூன்று மாடி ஜவுளிக்கடை அவருடையது. மருமகன் பாரத்தின் பேச்சைக் கேட்டு இரண்டு வருஷத்துக்கு முன் விவசாயக் கருவி செய்யும் கம்பெனி ஒன்றை ஆரம்பித்திருந்தார். வழி நெடுக, கார் ஒவ்வொரு வேகத்தடையில் ஏறி இறங்கும்போதும் பின்னால் எங்கேயோ டங் டங்கென்று ஒரு சத்தம். டிக்கியில் கோயில் மணி ஏதாவது வைத்திருக்கிறாரா என்று ஏசுராஜ் விசாரித்தான். ஷாக் அப்சர்பர் போயிருக்கும், நாளைக்கு மெக்கானிக்கிடம் விடணும் என்று சொல்லிவிட்டு அவர் தன் சங்கடத்தையே தொடர்ந்து சொல்லிக்கொண்டு வந்தார்.

சங்கடம் இதுதான். அன்று சாயந்திரம் நாலு மணிக்கு, நாலைந்து மாவட்டத்து விவசாயிகள் சங்கத்துக்காரர்கள் இந்தக் கல்டிவேட்டர் ஓடுவதைப் பார்க்க வருகிறார்கள். பிடித்துப்போனால் இருநூறு கருவிக்கு ஆர்டர். ஈரக் களிமண் ஒட்டாதபடி கொழுவின் முனையை வளைத்து வடிவமைத்தவள் தமிழ்நிலா என்கிற இன்ஜினியர் பெண். போன வாரம் ஒரு போட்டிக் கம்பெனி அவளை வேலைக்குக் கூப்பிட்டது; போக மாட்டேன் என்று அவளே வந்து பாண்டுரங்கனிடம் சொல்லியிருந்தாள். அப்போது அது விசுவாசமாகத் தெரிந்தது. இன்று காலை எட்டு மணிக்குக் கொழு இரண்டைக் காணோம் என்றதும் அதுவே வேறு மாதிரி தெரிந்தது. நேற்று மத்தியானம் ஒரு மணிவரை ஒன்பதும் இருந்தன; அதற்கு மேல் கேட் ரிஜிஸ்டரில் இருந்தவை இரண்டே பெயர்: டிராக்டர் டிரைவர் மரியசெல்வம், தமிழ்நிலா. கொழு எங்கே என்று ஒரே ஒரு தடவை கேட்டார். தெரியாது என்றாள். நாளையிலிருந்து வர வேண்டாம், போலீஸுக்குப் போகாததே பெரிய மரியாதை என்று சொல்லி அனுப்பிவிட்டார். ஒன்பது மணிக்கே அவள் அடையாறில் தன் விடுதிக்குப் போய்விட்டாள்.

"காப்பி அடிக்கிறவனுக்கு மாதிரி ஒண்ணு போதுமே சார்," என்றார் நஸ்ருன்னிசா, எழுந்திருக்காமலே. "கெடுக்க வந்தவன்னா ஒன்பதையும் எடுத்திருப்பான். ரெண்டு எதுக்கு?"

பாண்டுரங்கன் அதையெல்லாம் யோசிக்கும் நிலையில் இல்லை. கிண்டியில் இருக்கும் பட்டறையிலிருந்து வேறு இரண்டு கொழு கொண்டுவர பாரத்தை அனுப்பியிருந்தார். ஒன்பது கஜம் என்று சொல்லி ஏழு கஜத்தை மடித்துக் கொடுத்தால் மயிலாப்பூர் மாமிகள் சும்மா விடுவார்களா என்று கேட்டார். வருகிறவர்கள் எண்ணிப் பார்ப்பார்கள். ஒன்பது இருந்தே ஆகவேண்டும்.

நஸ்ருன்னிசா சட்டத்தின் ஓரத்தில் கட்டித் தொங்கவிட்டிருந்த ஒரு சின்ன மூட்டையை அவிழ்த்தார். உள்ளே நாலு போல்ட், நாலு நட், துடைத்துச் சுத்தமாக. துணியை மட்டும் ஏசுராஜிடம் நீட்டினார். கிரீஸ் கறைக்கு அடியில் அது ஊதா நிறம். ஓரம் பல்லுப் பல்லாக வெட்டியிருந்தது. ஜாக்கெட் பிட் என்று பார்த்தவுடனே சொன்னான் ஏசுராஜ். தன் சம்சாரம் வருஷத்துக்குப் பன்னிரண்டு வாங்கி மூன்று தைக்கிறவள் என்பதால் அந்த விஷயத்தில் தன்னை யாரும் ஏமாற்ற முடியாது என்றும் சேர்த்துக்கொண்டான்.

"போல்ட்டைத் துடைச்சு, மூட்டை கட்டி, மெஷின்லயே விட்டுட்டுப் போற திருடன்," என்று மெதுவாகச் சொன்னார் நஸ்ருன்னிசா. "திரும்ப மாட்டணும்னு நினைக்கிறவங்கதான் போல்ட்டைப் பத்திரமா வைப்பாங்க."

பிறகு கைப்பையிலிருந்து டேப்பை எடுத்தார். ஒரு கொழுவுக்கும் அடுத்ததுக்கும் ஒன்பது அங்குலம். மூன்றுக்கும் ஏழுக்கும் நடுவே நாலு இடைவெளி. ஆக மூன்று அடி. அதைக் குறித்துக்கொண்டு வாசலுக்குப் போனார். கேட் தூணில் சிமென்ட் பெயர்ந்து, புதிதாக ஒரு கீறல். காலையில் டீசல் போடப் போகும்போது மரியசெல்வம் இடித்துவிட்டான் என்றார் பாண்டுரங்கன் எரிச்சலோடு. ஆறு மாதமாக அதே கேட், அதே டிராக்டர், அதே டிரைவர். ஒரு நாள்கூட இடித்ததில்லை.

"அப்ப ஒண்ணு கேட் சின்னதாகியிருக்கணும். இல்லாட்டி டிராக்டர் குண்டாகியிருக்கணும்," என்றான் ஏசுராஜ்.

நஸ்ருன்னிசா அவனைத் திரும்பிப் பார்த்த பார்வையில், தான் ஜோக் அடிக்கவில்லை, துப்பறிந்துவிட்டோம் என்று அவனுக்குப் புரிந்தது. ஆனால் என்னத்தைத் துப்பறிந்தோம் என்றுதான் புரியவில்லை. அதைக் கேட்பதற்குள் அவனை அடையாறுக்கு ஆட்டோ பிடிக்கச் சொல்லிவிட்டார். அந்தப் பெண்ணிடம் ஒரே ஒரு கேள்வி கேட்க வேண்டும். அவள் என்ன பதில் சொல்கிறாள் என்பதைவிட, முதல் வார்த்தையாக என்ன சொல்கிறாள் என்பதைக் கவனிக்க வேண்டும்.

அடையாறு டெப்போவுக்குப் பின்னால் இருந்த பெண்கள் விடுதியின் வரவேற்பறையில் தமிழ்நிலா வந்து உட்கார்ந்தாள். அழுது முடித்து முகம் கழுவியிருந்தாள். இருபத்தெட்டு வயது இருக்கும். விரல் நகங்களில் சிவப்பு பெயின்ட் ஒட்டியிருந்தது. ஏசுராஜ் தான் யார் என்று சொன்னதும், தேடிப் பார்க்கப் பெட்டியைத் திறக்கட்டுமா என்று கேட்டாள். அவனுக்குக் கஷ்டமாகப் போய்விட்டது. கொழு இரண்டையும் பெட்டியில் வைத்தால் விடுதி மாடி இடிந்திருக்கும் என்று சொல்லிப் பார்த்தான். அவள் சிரிக்கவில்லை. கேள்வியைக் கேட்டான்.

"காணாமப் போனது மூணாவதும் ஏழாவதும். அதுக்கு இன்னா அர்த்தம்மா?"

அவள் நிமிர்ந்தாள். எந்த இரண்டு என்று அவளிடம் யாரும் சொல்லவில்லை போலிருந்தது. விரலை மடக்கி மூன்று, நாலு, ஐந்து என்று காற்றில் எண்ணினாள்.

"மூணடி. யாரு அதைப் பருத்தியில ஓட்டப் போறாங்க?"

அதன் பிறகு அவள் கொட்டிய விளக்கம் ஏசுராஜுக்குப் பாதிதான் ஏறியது, ஆனால் அந்தப் பாதியே போதுமாயிருந்தது. வெறும் நிலத்தை உழ ஒன்பது கொழுவும் வேண்டும். வரிசையாகச் செடி நிற்கிற வயலில், செடிக்கு இடையே களை எடுக்க ஓட்டினால், செடி வரிசைக்கு நேராக வருகிற கொழுவைக் கழற்றிவிட வேண்டும். கழற்றாமல் ஓட்டினால் களையோடு செடியும் வேரோடு வரும். அவளுக்குச் சொல்லப்பட்டது கொட்டகைக்குப் பின்னால் இருக்கும் தரிசு நிலம். அங்கேதான் நாலு மணிக்கு ஓட்டப் போகிறார்கள் என்றே அவள் நம்பியிருந்தாள்.

ஏசுராஜ் வாசலில் நின்றபடி நஸ்ருன்னிசாவுக்கு போன் போட்டான். அவளையும் கூட்டிக்கொண்டு உடனே வா என்றார்.

மத்திய கைலாஷ் நெரிசலில் மாட்டி ஆட்டோ தரமணி போய்ச் சேரும்போது மணி மூன்று. அதற்குள் நஸ்ருன்னிசா பாதி ஊரை விசாரித்துவிட்டிருந்தார். சாலைக்கு அந்தப் பக்கம் ஒரு பயிற்சி நிலையத்தின் வயல். அதில் முழங்கால் உயரத்துக்குப் பருத்தி. டேப் வைத்துப் பார்த்தாயிற்று: வரிசைக்கு வரிசை மூன்றடி. தரிசு நிலம் வீடியோவில் நன்றாக இருக்காது, பச்சையாக இருந்தால்தான் எடுப்பாக இருக்கும் என்று முந்தாநாள் பாரத் இடத்தை மாற்றியிருந்தான். மாமனாருக்குச் சொன்னான், டிரைவருக்குச் சொன்னான், வீடியோ எடுப்பவருக்குச் சொன்னான். கருவியைச் செய்தவளுக்குச் சொல்ல மறந்துவிட்டான்.

இதையெல்லாம் கேட்ட பாண்டுரங்கன் மனம் இளகவில்லை, இன்னும் இறுகிப்போனார். இந்த நுணுக்கம் எல்லாம் தெரிந்த ஒரே ஆள் இந்தப் பெண்தானே, அப்போது எடுத்தவளும் இவள்தானே என்று தமிழ்நிலாவின் முகத்துக்கு நேரே கேட்டார். அவள் வாயைத் திறப்பதற்குள் பாரத்தின் வண்டி உள்ளே வந்தது. பின் சீட்டில் இரண்டு புதுக் கொழு. பாரத் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு ஸ்பானரைத் தேடினான்.

"மாட்டாதீங்க," என்றாள் தமிழ்நிலா. "சார், அந்த ரெண்டையும் மாட்டி ஓட்டினா வந்தவங்க கண்ணு முன்னாலேயே ரெண்டு வரிசைப் பருத்தி போயிடும். அப்புறம் இந்தக் கம்பெனி பேரைச் சொன்னாலே சிரிப்பாங்க. என்னை வேலையை விட்டு அனுப்புங்க, பரவாயில்லை. மெஷினை அவமானப்படுத்தாதீங்க."

பாரத் மாமனாரைப் பார்த்தான். மாமனார் நஸ்ருன்னிசாவைப் பார்த்தார். பத்து நிமிஷம் கொடுங்கள் என்றார் நஸ்ருன்னிசா.

அந்தப் பத்து நிமிஷத்தில் டிரைவர் மரியசெல்வம் ஏசுராஜின் பங்கு. சாந்தோம்காரர் என்பதால் பேச்சு சுலபமாக ஆரம்பித்தது. எந்தத் தெரு, எந்தப் படகு என்று போய், கேட் தூணில் வந்து முட்டி நின்றது. டிராக்டரின் பின் சக்கரங்களைக் கழற்றி உள்பக்கம் வெளிப்பக்கமாகத் திருப்பி மாட்டினால் ஒரு சாண் அகலம் கூடும், சக்கரம் செடிமேல் ஏறாது என்று ஒப்புக்கொண்டார். நேற்று மத்தியானம் ஜாக்கி வைத்துத் தனியாளாக மாட்டியதும் அவர்தான். அகலம் கூடியது மறந்துபோய்க் காலையில் தூணில் உரசிவிட்டார்.

"கொழுவைக் கழட்டினதும் நீதானா நைனா?"

மரியசெல்வம் தலையைக் குனிந்தார். கை தன்னுடையது, திருட்டு தன்னுடையதில்லை என்றார். சொன்னவங்க பெயரைச் சொல்வதில்லை என்று மாதா பெயரில் சத்தியம் செய்து கொடுத்திருந்தாராம். விஷயத்தை வீட்டில் தானே பக்குவமாகச் சொல்லிக்கொள்வதாக அவங்க சொன்னாங்களாம். காலையில் வந்தால் ஒரே கூச்சல். திருட்டு என்கிறார்கள், போலீஸ் என்கிறார்கள். வாயைத் திறந்தால் கழற்றினவன் நான் என்று ஆகிவிடும். அதனால் பேசாமல் இருந்துவிட்டார். இந்தப் பெண்ணை அனுப்பியதிலிருந்து ஒரு வாய் டீகூட இறங்கவில்லை என்று சொன்னபோது அவர் கண் நிஜமாகவே கலங்கியிருந்தது.

அதே நேரத்தில் நஸ்ருன்னிசா கேட் அருகே வாட்ச்மேனிடம் இரண்டே கேள்வி கேட்டதை ஏசுராஜ் தூரத்திலிருந்து பார்த்தான். முதல் கேள்விக்கு வாட்ச்மேன் இல்லையென்று தலையாட்டினார். இரண்டாவதுக்கு, இதையெல்லாமா கேட்பது என்கிற மாதிரி சிரித்துக்கொண்டே ஆமென்று ஆட்டினார்.

நஸ்ருன்னிசா நேராக பாண்டுரங்கனிடம் வந்தார். கார் டிக்கியைக் கொஞ்சம் திறக்கச் சொன்னார்.

"எதுக்கு மேடம்?"

"ஷாக் அப்சர்பரைப் பார்க்கத்தான்."

டிக்கி திறந்தது. ஸ்டெப்னி டயருக்குப் பக்கத்தில், ஊதா நிறத்தில் ஒரு பழைய பெட்ஷீட் அளவுக்குத் துணி, கடையில் மடிப்பது போலவே மடித்துச் சுற்றியிருந்தது. நஸ்ருன்னிசா முனையைப் பிடித்து விலக்கினார். சிவப்புக் கொழு இரண்டும் அருகருகே படுத்திருந்தன.

இது தன் கார் என்று மட்டும் சொன்னார் பாண்டுரங்கன்.

"ஆமா சார். காலையிலேர்ந்து திருட்டுப் பொருளை நீங்கதான் ஊர் பூரா சுத்திக் காட்டிக்கிட்டிருக்கீங்க," என்றார் நஸ்ருன்னிசா. "நேத்து வெளியாள் யாராவது வந்தாங்களான்னு வாட்ச்மேனைக் கேட்டேன். இல்லைன்னார். ரிஜிஸ்டர்ல கையெழுத்துப் போடாதவங்க யாராவது வந்தாங்களான்னு கேட்டேன். முதலாளி வீட்டு ஆளுங்க கிட்ட கையெழுத்துக் கேட்டா வேலை போயிடுமேன்னார். நேத்து மத்தியானம் இந்தக் காரை யார் எடுத்துட்டுப் போனாங்க, யோசிச்சுப் பாருங்க."

யோசிக்க அவசியம் இல்லாமல் போயிற்று. வாசலில் ஓர் ஆட்டோ வந்து நின்றது. அரக்குப் பட்டுப்புடவையும் தலை நிறையப் பூவுமாக, கையில் கல்யாண வீட்டுத் தாம்பூலப் பையோடு இறங்கினாள் பாண்டுரங்கனின் மனைவி புஷ்பம். காலை ஆறு மணியிலிருந்து மயிலாப்பூரில் ஒரு சொந்தக்காரர் கல்யாணத்தில் இருந்தவள். போன் கைப்பைக்குள் சத்தமில்லாமல் கிடந்தது. திறந்த டிக்கியையும் எல்லார் முகத்தையும் ஒரு சுற்றுப் பார்த்தாள்.

"பாத்துட்டீகளா? நல்லது. மாட்டிடாதீக, பருத்தி போயிரும்," என்றாள்.

விளாத்திகுளம் பக்கத்துப் பெண். அங்கே அவள் தம்பி இன்றைக்கும் பருத்தி போடுகிறான். செடிக்கு நடுவே களையெடுக்கும் ஊடு உழவுக்குப் போகும்போது இரண்டு கொழுவைக் கழற்றிவிட்டுத்தான் வண்டியைக் கிளப்புவான். பருத்தி வயலில் ஓட்டப் போகிறார்கள் என்று முந்தாநாள் இரவு சாப்பாட்டு நேரத்தில் பாண்டுரங்கன் பெருமையாகச் சொன்னபோதே, கொழுவைக் கழற்றினீகளா என்று கேட்டாளாம். அவர் போனில் பேசிக்கொண்டே ரசத்துக்குக் கை நீட்டினாராம். மறுபடி கேட்டாளாம். மெஷின் விஷயம் உனக்கு எதுக்கு என்றாராம். அதனால் கேட்பதை நிறுத்திவிட்டு, மறுநாள் மத்தியானம் நேரே வந்து மரியசெல்வத்தை வைத்து வேலையை முடித்துவிட்டாள். கொட்டகையிலேயே வைத்தால் பாரத் பார்த்துத் திரும்ப மாட்டிவிடுவான் என்று கொழுவைக் காரில் போட்டாள். ராத்திரி சொல்லலாம் என்று இருந்தாள். அவர் கடையிலிருந்து வரும்போது அவள் தூங்கிவிட்டிருந்தாள்.

இதனால் ஒரு பெண்ணுக்கு வேலை போனது அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. தாம்பூலப் பையைக் கீழே வைத்துவிட்டுத் தமிழ்நிலாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். புருஷனைத் திட்டவில்லை. அது அவருக்குத் திட்டைவிட அதிகமாக வலித்திருக்க வேண்டும்.

நாலு மணிக்கு ஆட்கள் வந்தார்கள். இருபது பேருக்கு மேல். தமிழ்நிலா கடைசியாக ஒவ்வொரு போல்ட்டையும் இழுத்துப் பார்த்துவிட்டு மரியசெல்வத்துக்குத் தலையசைத்தாள். டிராக்டர் பருத்திக்குள் இறங்கியது. சக்கரங்கள் இரண்டும் வரிசைகளுக்கு வெளியே ஓட, செடிகள் இரண்டு வரிசையாகச் சட்டத்தின் காலி இடங்களுக்குள் நுழைந்து, இலை ஆடி, அப்படியே பின்பக்கம் வெளியே வந்து நின்றன. நடுவில் இருந்த கோரைக் களை மட்டும் வேரைக் காட்டிக்கொண்டு மல்லாந்து கிடந்தது. கொழுவில் ஒரு பிடி மண் ஒட்டவில்லை.

கூட்டத்தில் ஒரு பெரியவர் எண்ணிப் பார்த்துவிட்டார். நோட்டீஸில் ஒன்பது என்று போட்டிருக்கிறதே, ஏழுதானே இருக்கிறது என்று கேட்டார். பாரத் பதில் சொல்ல வாயெடுத்தான். பாண்டுரங்கன் அவன் தோளில் கை வைத்துப் பின்னால் இழுத்துவிட்டு, எங்க இன்ஜினியர் சொல்வாங்க என்றார். தமிழ்நிலா சொன்னாள். மிளகாய்க்கு எதைக் கழற்றுவது, மக்காச்சோளத்துக்கு எப்படி என்று கேள்வி மேல் கேள்வி வந்தது. தமிழ்நிலா அளவைச் சொல்ல, புஷ்பம் வயலில் அது எப்படி இருக்கும் என்று சொன்னாள். பெரியவர் இரண்டு பேரையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு, மெஷினை வாங்கினா எங்க ஊருக்கு வந்து சொல்லிக்கொடுக்கிறது யாரு, அம்மாவா பொண்ணா என்றார். ரெண்டு பேரும்தான் என்றாள் புஷ்பம், யாரையும் கேட்காமல்.

கூட்டம் டீ குடிக்கப் போனபோது பாண்டுரங்கன் வரப்போரமாக நடந்து தமிழ்நிலாவிடம் வந்தார். வெள்ளை வேட்டியில் முழங்கால்வரை சேறு. நாற்பது வருஷ வியாபாரத்தில் எந்த வாடிக்கையாளரிடமும் பேச்சுத் தடுமாறாதவர், மூன்று தடவை ஆரம்பித்து மூன்று தடவையும் பாதியில் நின்றார். காலையில் எல்லார் முன்னாலும் சொன்னதை எல்லார் முன்னாலும் திருப்பி எடுத்துக்கொள்வதாகச் சொல்லி, பாரத்தையும் வாட்ச்மேனையும் மரியசெல்வத்தையும் கூப்பிட்டு நிறுத்தி, கடைசியில் மன்னிப்பு என்ற வார்த்தையைச் சொல்லிவிட்டார்.

தமிழ்நிலா கையில் ஒட்டியிருந்த கிரீஸைத் துடைத்துக்கொண்டாள்.

"சரி சார். இனிமே உங்களுக்குச் சந்தேகம் வந்தா, முதல்ல என்னைக் கேளுங்க. ரெண்டாவது வீட்ல அம்மாவைக் கேளுங்க. அப்புறம் மேடத்தைக் கூப்பிடலாம்."

ஏசுராஜ் கையில் இருந்த பஜ்ஜியை இறக்கினான்.

"யம்மா, அந்த வரிசையை மட்டும் ஊருக்குச் சொல்லிடாத. எங்க ஆபீசைக் காலி பண்ணிக்கினு போவணும்."

அன்று காலையிலிருந்து முதல் தடவையாகத் தமிழ்நிலா சிரித்தாள்.